கம்பெனி நடத்தும் பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம்

இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர், மணலி, எண்ணூர் ஈறாகத் தொழிற்கூடங்களையும் துறைமுகங்களையும் நடத்திவரும் நிர்வாகஸ்தர்களே,

உங்களுள் ஒருவரோடும் எனக்கு நேர்ப்பழக்கம் இல்லை. ஆயினும், இக்கரையில் பிறந்து, உங்கள் ஆலைச் சங்கின் ஓசையைக் கொண்டே பொழுதறிந்து வளர்ந்த பல்லாயிரம் பேரில் ஒருவன் என்னும் உரிமையினால் இம்மடலை எழுதத் துணிந்தேன். சம்பளத்தைக் குறித்தும், போனஸைக் குறித்தும், பணி நிரந்தரத்தைக் குறித்தும் உங்களோடு வாதாடுவதற்குத் தொழிற்சங்கங்கள் இருக்கின்றன. புகையைக் குறித்தும் சாம்பலைக் குறித்தும் முறையிடுவதற்கு மீனவர் பஞ்சாயத்துகளும் நீதிமன்றங்களும் இருக்கின்றன. அவர்களுடைய கோரிக்கைப் பட்டியல்களில் கடைசி வரியாக ஒதுங்கிக் கிடக்கும் ஒன்றை முதல் வரியாக வைத்து உங்களிடம் பேச வேண்டும் என்பது என் ஆவல். அது உங்கள் வாயிற்பலகைகளில் எழுதப்பட்டிருக்கும் ‘கம்பெனி’ என்ற சொல்லைப் பற்றியது. அந்தச் சொல்லைத் தாங்கி நிற்பவர்கள் செலுத்த வேண்டிய பழைய கடன் ஒன்றைப் பற்றியது.

வடசென்னையில் எவரும் இதனை ஆங்கிலச் சொல்லாகக் கருதுவதே இல்லை. “பையன் எங்கே இருக்கிறான்?” என்று உறவினர் வினவ, “கம்பெனியில் இருக்கிறான்” என்று தாய் விடையளிக்கும்போது அவள் குரலில் ஒரு நிம்மதி ஒலிக்கிறதே, அதை வேறெந்தச் சொல்லும் தந்துவிடாது. மாதம் தவறாத சம்பளம், சேமநிதி, மருத்துவ அட்டை, பெண் கொடுக்கத் தயங்காத சம்பந்தி ஆகிய யாவும் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். கம்பெனி பஸ் என்கிறோம், கம்பெனி சட்டை என்கிறோம், நம்பி வாங்கத்தக்க பண்டத்தைக் கம்பெனி சரக்கு என்கிறோம். தீப்பெட்டிக் கம்பெனி ஒன்றின் பெயரால் அமைந்த விம்கோ நகர், இன்று மெட்ரோ ரயில் நிலையத்துக்கும் அப்பெயரையே வழங்கி நிற்கிறது. தனியாகத் தேநீர் குடிக்கப் போக மனமில்லாத வாலிபனும், “சும்மா கம்பெனிக்கு வாடா” என்றுதான் தன் நண்பனைக் கூப்பிடுகிறான். இத்தனை பிரயோகங்களுள் வயதில் மூத்தது எதுவென்று ஆராய்ந்தால், ஆலையைக் குறிப்பதும் அன்று, சரக்கைக் குறிப்பதும் அன்று. தேநீருக்கு நண்பனை அழைக்கும் அந்த வாலிபனின் பிரயோகமே மூத்தது என்பதை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

இலத்தீன் மொழியில் ‘கொம்’ என்றால் உடன். ‘பானிஸ்’ என்றால் ரொட்டி. இவ்விரண்டும் கூடிப் பிற்கால இலத்தீனில் ‘கொம்பானியோ’ என்றொரு சொல் உண்டாயிற்று. ஒரே ரொட்டியை உடனிருந்து பகிர்ந்து உண்பவன் என்பது அதன் அர்த்தம். பிராங்கு என்னும் ஜெர்மானிய இனத்தாரின் ஆறாம் நூற்றாண்டுச் சட்ட நூலிலேயே அச்சொல் காணப்படுகிறது. அதற்கும் முன்னால், நான்காம் நூற்றாண்டில் கோத்திய மொழியில் செய்யப்பட்ட விவிலிய மொழிபெயர்ப்பில், உடன் போர்புரிபவனையும் உடன் சீடனையும் குறிப்பதற்கு, ‘உடன்’ என்பதையும் ‘ரொட்டி’ என்பதையும் சேர்த்தமைத்த சொல்லே வழங்கப்பட்டிருக்கிறது. இலத்தீன் சொல் அத்தகைய ஜெர்மானியச் சொல்லைப் பார்த்து ஆக்கப்பட்டது என்பது மொழிநூலார் கருத்து. பின்னர் அது பிரெஞ்சு வழியாகப் பதின்மூன்றாம் நூற்றாண்டளவில் ஆங்கிலத்தில் குடியேறியது. ஆங்கிலேயர் பிரபுவை அழைக்கும் ‘லார்டு’ என்ற சொல்லும் அவர்களுடைய பழைய மொழியில் ரொட்டியைக் காப்பவன் என்றே பொருள்பட்டது. ‘லேடி’ என்பவள் மாவு பிசைபவள். அதிகாரமும் அந்தஸ்தும் கூட அன்னத்தைக் காத்துப் பகிரும் பொறுப்பிலிருந்தே பிறந்தன என்பதற்கு அவர்கள் மொழியே சாட்சி கூறுகிறது.

ரொட்டியிலிருந்து புறப்பட்ட அச்சொல் பல கிளைகளாகப் பிரிந்தது. வீட்டுக்கு வந்த விருந்தினரை அது குறித்தது. உடன் செல்லும் துணையைக் குறித்தது. சேனையில் ஒன்றாகத் தங்கி ஒன்றாக உண்ணும் போர்வீரர் பிரிவைக் குறித்தது. ஊர்தோறும் சென்று கூத்தாடிய நடிகர் கூட்டத்தைக் குறித்தது. துறைமுகத்தை நிர்வகிக்கும் பெரியோர்கள் ஒன்றை அறிந்திருப்பீர்கள்: கப்பல் தலைவன் முதல் சமையற்காரன் வரை ஒரு கப்பலில் பணிபுரியும் அனைவரையும் சேர்த்துக் ‘கப்பலின் கம்பெனி’ என்பது மாலுமிகளின் வழக்கு. நடுக்கடலில் ஒருவன் பட்டினி கிடக்க மற்றவன் உண்ண முடியாது என்ற நிலையே அந்த வழக்கைக் காப்பாற்றி வந்தது. முதல் திரட்டி வாணிகம் செய்யும் கூட்டத்தாரைக் குறிக்கும் பொருளோ பதினாறாம் நூற்றாண்டில்தான் ஏற்பட்டது. இன்று அந்தக் கடைக்குட்டிப் பொருள் ஒன்றே வீட்டை ஆளுகிறது. மூத்த பொருள் திண்ணையில் கிடக்கிறது.

நம் கரை அச்சொல்லைக் கற்ற வரலாறு இனிமையானதன்று. 1600ஆம் ஆண்டின் கடைசி நாளில் இங்கிலாந்து அரசியாரிடம் சாசனம் பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனி, 1639இல் இந்த மணற்பரப்பில் கோட்டை கட்ட இடம் பெற்றது. 1708இல் நவாப் தாவூத்கான் அக்கம்பெனிக்கு வழங்கிய ஐந்து கிராமங்களுள் திருவொற்றியூர், கத்திவாக்கம், சாத்தங்காடு என்னும் மூன்றும் நாம் இன்று வாழும் இதே மண். கம்பெனியின் துணிகளை வெளுத்தவர்கள் குடியிருந்த இடம் வண்ணாரப்பேட்டை ஆயிற்று. ஜோசப் காலட் என்ற கவர்னர் நெசவாளர்களைக் குடியேற்றிய பேட்டை, அவர் பெயர் திரிந்து காலடிப்பேட்டை ஆயிற்று. நம் முன்னோர் நாவில் அச்சொல் ‘கும்பினி’ என்று வழங்கியது. கட்டபொம்மன் கதைப்பாடல்களைக் கேட்டவர்கள், அவ்வொலியில் எவ்வளவு அச்சமும் ஆத்திரமும் கலந்திருந்தன என்பதை அறிவார்கள். உடன் உண்பவன் என்ற பொருளில் பிறந்த சொல், பிறர் அன்னத்தைக் கொண்டு செல்பவன் என்ற பொருளில் நம் நாட்டுக்கு அறிமுகமானது சரித்திரத்தின் பெருங்கொடுமை.

ஆயினும், தமிழ்நாடு அச்சொல்லை அந்த நிலையில் விட்டுவிடவில்லை. வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது, பங்கொன்று இருபத்தைந்து ரூபாய் என்று வைத்து, செல்வர் அல்லாதவரையும் அதில் பங்காளியாகச் சேர்க்க முனைந்தார். அவரே 1908இல் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் பக்கம் நின்றார். கம்பெனி நடத்துவதும் தொழிலாளியின் சோற்றுக்காக வழக்காடுவதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை இதைவிடத் தெளிவாக எவரும் வாழ்ந்து காட்டியதில்லை. நாடகமேடையிலும் அப்படியே. பாய்ஸ் கம்பெனி என்று வழங்கிய பாலர் நாடகக் குழுக்களில் வறிய வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்தது, நடிப்பின்மீது கொண்ட மோகத்தினால் மட்டும் அன்று. கம்பெனி வீட்டில் வேளைக்குச் சோறு கிடைக்கும் என்பதனாலும் ஆகும். அவ்வாறு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் பசியோடு சேர்ந்த சிறுவர்களுள் ஒருவரான எம்.ஜி.ராமச்சந்திரன், முதலமைச்சராகி 1982இல் சத்துணவுத் திட்டத்தைத் தமிழ்நாடெங்கும் தொடங்கினார். ஒரு கம்பெனியின் பந்தியில் உட்கார்ந்து உண்ட நினைவு, இலட்சக்கணக்கான குழந்தைகளுக்குப் பந்தியாக விரிந்தது.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் நடத்தும் கம்பெனிகள் சட்டத்தின் பார்வையில் ஓர் ‘ஆள்’ என்பதை நீங்கள் நன்கு அறிவீர்கள். 1896இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை சாலமன் வழக்கில் அளித்த தீர்ப்பு, கம்பெனி என்பது அதன் உறுப்பினர்களினின்றும் வேறான தனி ஆள் என்று உறுதிப்படுத்தியது. நம் நாட்டின் 1956ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் அதே அடிப்படையில் நின்றது; அதன் இடத்துக்கு வந்த 2013ஆம் ஆண்டுச் சட்டமும் அதிலேயே நிற்கிறது. அந்த ஆள் நிலம் வாங்கலாம், கடன் கொடுக்கலாம், வழக்குத் தொடுக்கலாம், தன்னை நிறுவியவர் மறைந்த பின்னும் உயிர் வாழலாம். பசி மட்டும் அவனுக்கு இல்லை. உடன் உண்பவன் என்று பெயர் பெற்றவனுக்கு உண்ணும் வாயே இல்லாமற்போன இந்த விசித்திரத்தில்தான் என் விண்ணப்பத்தின் வேர் இருக்கிறது. வாயில்லாத அந்த ஆளின் பொருட்டு அமர்ந்து உண்ண வேண்டியவர்கள், அவன் பெயரில் கையொப்பமிடும் நீங்களே.

உணவுக்கும் ஆலைக்கும் உள்ள சம்பந்தம் அற்பமானது என்று உங்களில் எவரேனும் நினைத்தால், பெரம்பூருக்கு ஒருமுறை சென்று வாருங்கள். அங்கே பின்னி கம்பெனியின் நிர்வாகத்தில் இயங்கிய பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர்களைக் கொண்டு, செல்வபதி செட்டியார், இராமானுஜுலு நாயுடு ஆகியோரின் முயற்சியால், பி.பி.வாடியாவைத் தலைவராகவும் திரு.வி.க.வைத் துணைத் தலைவராகவும் ஏற்று, 1918 ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்திய நாட்டுத் தொழிற்சங்க இயக்கத்தின் தலைப்பிள்ளையாகப் போற்றப்படும் அச்சங்கம் முதன்முதலாக எழுப்பிய குறைகளுள் ஒன்று, நண்பகலில் அளிக்கப்பட்ட அரைமணி நேர இடைவேளை சோறுண்ணப் போதவில்லை என்பதே. நெடுந்தூரம் நடந்து வந்து, விடியலிலிருந்து நின்றுகொண்டே நூற்ற மனிதன், விழுங்கியும் விழுங்காமலும் ஓடித் திரும்ப வேண்டியிருந்தது. அவன் முதலில் கேட்டது அமைதியாக உட்கார்ந்து உண்பதற்குச் சில நிமிஷங்கள்.

விடுதலைக்குப் பின் இக்கரையின் நிலை மாறியது. அதற்காக உங்கள் முன்னோடிகளுக்கு நன்றி கூறுவதில் எனக்குத் தயக்கமில்லை. 1946இல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய சிறு முயற்சி எம்.ஆர்.எஃப். என்ற பெரும் ஸ்தாபனமாக வளர்ந்தது. எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கியது அசோக் லேலண்டு ஆயிற்று. திருவொற்றியூரில் என்ஃபீல்டு புல்லட் வண்டிகள் உருவாயின. 1969இல் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், இருநூற்றைம்பது பேருக்கு மேல் பணிபுரியும் ஆலைகளில் உணவகம் அமைக்க வழி செய்தது. அதன் பயனாக இவ்வட்டாரத்தின் உணவுக்கூடங்களில் பல மாவட்டத்தாரும், பல மதத்தாரும், பல சாதியாரும் தோளோடு தோள் உராய்ந்து ஒரே பெஞ்சில் அமர்ந்து உண்டார்கள். தங்கள் கிராமங்களில் ஒரு திண்ணையில் உட்கார முடியாதவர்கள், உங்கள் உணவுக்கூடங்களில் ஒரு மேஜையில் உட்கார்ந்தார்கள். எத்தனையோ மேடைப் பிரசங்கங்கள் சாதிக்காததை ஒரு கரண்டி சாம்பார் சாதித்தது. அந்தக் காலத்தில் உங்கள் கம்பெனிகள் தங்கள் பெயரின் மூலப்பொருளுக்கு மிக அருகில் இருந்தன.

இன்றோ அந்தப் பந்தி இரண்டாகியிருக்கிறது. ‘கம்பெனி ஆள்’ என்று ஒருவரையும் ‘காண்ட்ராக்ட் ஆள்’ என்று மற்றொருவரையும் நம் தெருக்கள் பிரித்து வழங்கத் தொடங்கி நெடுங்காலம் ஆகிறது. பெயர் கூற விரும்பாத ஒரு தொழிற்கூடத்தின் உணவகத்தில் நானே கண்டதைச் சொல்கிறேன். நிரந்தரத் தொழிலாளிக்கு மின்விசிறியின் கீழ் மேஜையும் நாற்காலியும், சலுகை விலையில் சாப்பாடும். அதே இயந்திரத்தின் மறுபக்கத்தில் நின்று அதே எண்ணெயில் கை நனைத்த ஒப்பந்தத் தொழிலாளிக்கு வேறு நிறச் சீட்டு, வேறு நேரம், மீந்த குழம்பு. துப்புரவுப் பணி செய்யும் பெண்கள் சுவரோரத்தில் தரையில் அமர்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த தூக்குச்சட்டியைத் திறந்து உண்டார்கள். உள்ளே போகலாமே என்று கேட்டதற்கு, “எங்களுக்கெல்லாம் அங்கே இல்லீங்க ஐயா” என்று மட்டும் சொன்னார்கள். அந்தச் சொற்களில் கோபம் இல்லை. பழகிப்போன சம்மதம் இருந்தது. அந்தச் சம்மதமே என்னை இம்மடல் எழுதச் செய்தது.

இது சிறிய காரியம் என்று தயவுசெய்து எண்ணாதீர்கள். தமிழர் சரித்திரத்தில் பந்தி பிரிந்த இடமெல்லாம் நெஞ்சு பிரிந்திருக்கிறது. தேசத்தொண்டர்களை உருவாக்க வேண்டும் என்னும் உன்னத நோக்கத்தோடு வ.வே.சு.ஐயர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலத்தில் சில பிள்ளைகளுக்கு மட்டும் தனிப்பந்தி நடப்பதாகச் செய்தி பரவியபோது, டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ.ராமசாமியும் எழுப்பிய கண்டனம் 1925இல் தமிழ்நாட்டு அரசியலையே இரு கூறாகப் பிளந்தது. ஐயரின் தியாகத்தில் எவருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. ஆயினும் அவ்வளவு பெரிய தியாகமும் இரண்டு பந்திகளின் முன் ஈடு நிற்க முடியவில்லை. மறுபுறம், ஏழுகிணறு வீராசாமித் தெருவில் வாழ்ந்து, திருவொற்றியூர்ச் சன்னிதிக்கு ஓயாமல் நடந்து வந்து வழிபட்ட இராமலிங்க சுவாமிகள், 1867இல் வடலூரில் சத்திய தருமசாலையை நிறுவி, சாதி மத பேதமின்றிப் பசித்தவர் அனைவருக்கும் அன்னமிட ஏற்பாடு செய்தார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. அவர் கால் பதித்து நடந்த இந்த நெடுஞ்சாலையின் இருபுறமும் உங்கள் ஆலைகள் நிற்கின்றன.

உங்கள் தரப்பில் கூறப்படும் சமாதானங்களை நான் அறியாதவன் அல்லன். ஒப்பந்தத் தொழிலாளருக்கு உணவு வசதி செய்வது ஒப்பந்தக்காரரின் பொறுப்பு என்பீர்கள். 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் நூறு பேருக்குக் குறையாத இடத்தில் அந்தப் பொறுப்பை ஒப்பந்தக்காரரிடம் வைத்தது உண்மையே. ஆனால் அவர் அதைச் செய்யத் தவறினால், முதன்மை முதலாளியே அதைச் செய்ய வேண்டும், செலவை அவரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்றும் அச்சட்டமே விதித்தது. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்போ, ஒப்பந்தத் தொழிலாளரையும் எண்ணிக்கையில் சேர்த்து, நூறு பேர் பணிபுரியும் இடத்தில் உணவகம் வேண்டும் என்கிறது. ஆகவே சட்டத்தின் போக்கு, பந்தியைச் சேர்க்கும் திசையில்தான் செல்கிறது. செலவு மிகும் என்பீர்கள். இரண்டு சமையற்கட்டு, இரண்டு சீட்டு, இரண்டு கணக்கு, இரண்டு கண்காணிப்பு ஆகியவற்றை ஒன்றாக்கும்போது மிச்சப்படுவதையும் சேர்த்துக் கணக்கிட்டுப் பாருங்கள். நிரந்தரத் தொழிலாளர் ஆட்சேபிப்பார்கள் என்பீர்கள்; அவர்களுடைய பிள்ளைகளே இன்று ஒப்பந்தத்தில் வேலைக்கு வருகிறார்கள் என்பதால், தந்தைக்கு மேஜையும் மகனுக்குத் தரையும் வேண்டும் என்று எந்தச் சங்கமும் தீர்மானம் போடாது.

இலாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கை நாங்கள் சமூகத்துக்குச் செலவிடுகிறோமே என்றும் நீங்கள் கூறலாம். 2013ஆம் ஆண்டுச் சட்டம் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகளுக்கு அந்தக் கடமையை விதித்து, ஆலை இருக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவும் பணித்திருக்கிறது. அவ்வகையில் நீங்கள் கட்டித்தந்த வகுப்பறைகளையும், நடத்திய மருத்துவ முகாம்களையும் நாங்கள் மறக்கவில்லை. ஆனால் சுவருக்கு வெளியே கொடுக்கும் தானம், சுவருக்கு உள்ளே மறுக்கும் சமத்துவத்துக்கு ஈடாகாது. தானம் வாங்குபவன் உங்களை வாழ்த்துவான். உடன் உட்கார்ந்து உண்பவனே உங்களைத் தன்னவர் என்று கருதுவான். பங்கு என்ற சொல்லின் உண்மைப் பொருளை நீங்கள் பங்குச்சந்தையில் மட்டுமே தேட வேண்டுவதில்லை; காசிமேட்டிலும் எண்ணூர்க் குப்பங்களிலும் விடியற்காலையில் வந்து பாருங்கள். கரைசேர்ந்த படகின் வரும்படி, படகுக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு, இறங்கியவர் ஒவ்வொருவருக்கும் இவ்வளவு என்று பங்காகப் பிரிகிறது. வீட்டுக் குழம்புக்கு வேண்டிய மீன் தனியே ஒதுக்கப்படுகிறது. எழுதப்படாத அந்த ஒழுங்கில் எவரும் ‘காண்ட்ராக்ட் ஆள்’ இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் படர்ந்தபோது அழிந்தது, அவ்வாறு பங்கிட்டு உண்டவர்களின் சோறு. அதற்குரிய நியாயம் வேறு மன்றங்களில் கேட்கப்படும். இங்கே நான் அதை நினைவூட்டுவதன் காரணம், உங்கள் அயலார் யார், அவர்கள் எந்தத் தர்மத்தில் பழகியவர்கள் என்பதை நீங்கள் உணர வேண்டும் என்பதே.

துறைமுகத்தாரிடம் தனியே ஒரு வார்த்தை. எண்ணூரில் 2001இல் திறக்கப்பட்டு இன்று காமராஜர் பெயரைத் தாங்கி நிற்கும் துறைமுகம், நாட்டின் பெருந்துறைமுகங்களுள் கம்பெனியாகவே அமைக்கப்பட்ட முதல் துறைமுகம். பள்ளிப்பிள்ளைகளின் பசியைத் தன் பசியாக எண்ணி மதிய உணவளித்த தலைவரின் பெயரும், உடன் உண்பவன் என்ற பொருளுடைய சொல்லும் ஒரே பலகையில் சேர்ந்திருப்பது எளிதில் கிடைக்காத பாக்கியம். அப்படியிருக்க, சென்னைத் துறைமுகத்துக்கும் உங்கள் துறைமுகத்துக்கும் சரக்கேற்றி வரும் கன்டெய்னர் லாரிகளின் ஓட்டுநர்கள், நெடுஞ்சாலை ஓரத்தில் மணிக்கணக்காக வரிசையில் காத்து, வண்டியை விட்டு அகல முடியாமல், குடிநீருக்கும் கழிப்பிடத்துக்கும் ஒரு வேளைச் சோற்றுக்கும் தவிப்பதை நாங்கள் நாள்தோறும் பார்க்கிறோம். அவர்கள் உங்கள் சம்பளப் பட்டியலில் இல்லை. ஆனால் அவர்கள் நின்றுவிட்டால் உங்கள் துறைமுகமும் நின்றுவிடும். கப்பலில் சமையற்காரனையும் சேர்த்தே கம்பெனி என்றார்கள் மாலுமிகள். கரையில் ஓட்டுநரையும் சேர்த்தே அச்சொல்லை நீங்கள் வழங்க வேண்டும்.

ஆகவே, பெரியோர்களே, என் விண்ணப்பத்தை நான்கு கோரிக்கைகளில் அடக்குகிறேன். முதலாவதாக, உங்கள் வாயிலைக் கடந்து வேலைக்கு வரும் ஒவ்வொருவருக்கும், அவர் நிரந்தரத் தொழிலாளியாயினும், ஒப்பந்தத் தொழிலாளியாயினும், பயிற்சி மாணவராயினும், துப்புரவுப் பெண்ணாயினும், காவற்காரராயினும், ஒரே உணவுக்கூடம், ஒரே வரிசை, ஒரே உணவு, ஒரே விலை என்று ஆணையிடுங்கள். இரண்டாவதாக, கை கழுவி உட்கார்ந்து அமைதியாக உண்பதற்குரிய நேரம், தொலைவிலுள்ள பட்டறையிலிருந்து நடந்து வருபவருக்கும் கிடைக்கும்படி இடைவேளையை வகுத்துக்கொடுங்கள். 1918இல் கேட்கப்பட்டது 2018ஐயும் தாண்டிக் கேட்கப்படுவது நமக்குப் பெருமையன்று. மூன்றாவதாக, காத்து நிற்கும் லாரி ஓட்டுநர்களுக்கு உங்கள் வாயிலருகே நிழலும் நீரும் கழிப்பிடமும், அடக்க விலையில் சாப்பாடும் கிடைக்க ஏற்பாடு செய்யுங்கள். நான்காவதாக, நீங்களே அந்தப் பந்தியில், முன்னறிவிப்பில்லாமல், உங்களுக்கென்று தனித்தட்டு வைக்காமல், வாரத்துக்கு ஒரு நாளேனும் வந்து உட்காருங்கள். நீங்கள் உண்ணும் சோற்றின் தரம் தானாக உயரும் என்பதை எந்தத் தணிக்கை அறிக்கையும் இல்லாமலே அறிந்துகொள்வீர்கள்.

சம்பளத்தை உயர்த்துங்கள் என்றோ, இலாபத்தைக் குறையுங்கள் என்றோ இம்மடலில் நான் கேட்கவில்லை. அவை நியாயமான கோரிக்கைகளாயினும் அவற்றுக்கு வேறு இடம் உண்டு. நான் கேட்பது ஒரு நிர்வாகக் கூட்டத்தில் பத்து நிமிஷத்தில் நிறைவேற்றக்கூடிய தீர்மானம். 1923இல் சிங்காரவேலர் இந்நாட்டிலேயே முதன்முதலாக மே தினத்தைக் கொண்டாடியது இதே சென்னைக் கடற்கரையில்தான் என்பதை நீங்கள் அறிவீர்கள். வருகிற மே மாதம் முதல் நாளுக்கு முன்னர் அத்தீர்மானத்தை நிறைவேற்றி, உங்கள் உணவுக்கூடத்தின் நடுவிலுள்ள தடுப்பை எடுத்துவிடுங்கள். அன்று முதல் எண்ணூர் நெடுஞ்சாலையில் கம்பெனி என்று எழுதிய ஒவ்வொரு பலகையும் உண்மை சொல்லும் பலகையாக இருக்கட்டும்.

இங்ஙனம்,
திருவொற்றியூர்வாசி ஒருவன்